மாஸ்டர் வீட்டு நாலு டின்

“காலங்காத்தால இலையைக் கொண்டாந்து மூக்குல தேய்க்கிறியே, உனக்கென்ன கிறுக்கா?”

மாஸ்டர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். மனைவி விடுவதாயில்லை.

“இது என்ன இலைன்னு சொல்லிட்டுத் தூங்குங்க.”

மாஸ்டர் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். ஓரமெல்லாம் பல் பல்லாக ஒரு இலை.

“புதினா. போதுமா? ஆளை விடு.”

“கண்ணால பார்த்துச் சொல்றதுக்கு நீங்க எதுக்கு?” என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் பால்கனிக்குப் போனாள்.

பெரிய ஓட்டல் ஒன்றில் தலைமைச் சமையல்காரர் அவர். சமையற்கட்டுக்குள் கால் வைத்ததுமே எந்தச் சட்டியில் இஞ்சி போதவில்லை, எது அடிபிடிக்கப் போகிறது என்று சொல்லிவிடுவார். ‘மூக்கு மாஸ்டர்’ என்றால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு மாதத்துக்கு முன் வந்த காய்ச்சல், போகும்போது அந்த மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பூவும் தெரியவில்லை, புகையும் தெரியவில்லை. மாஸ்டர் இதை யாரிடமும் மூச்சு விடவில்லை, மனைவியிடம்கூட. வாசனை தெரியாத சமையல்காரனை எவன் வேலைக்கு வைத்துக்கொள்வான்? “உடம்பு இன்னும் தேறல” என்று லீவை நீட்டிக்கொண்டே போனார்.

அந்த நேரம் பார்த்தா இவளுக்குத் தோட்ட ஆசை வரவேண்டும்?

கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் ஒரு செடிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியவளில்லை. திடீரென்று ஒருநாள் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து பால்கனியைப் படம் போட்டாள். எத்தனை மணிக்கு எந்த மூலையில் வெயில் விழுகிறது என்று குறித்தாள். நாலு எண்ணெய் டின்களைக் கழுவி, ஆணியும் சுத்தியலும் கொண்டுவந்து, “அடியில ஓட்டை போடுங்க” என்று மாஸ்டரையே வேலை வாங்கினாள்.

“கீரை போடேன். சமையலுக்காவது ஆகும்.”

“வேண்டாம்.”

“தக்காளி?”

“அதுல என்ன வாசம் இருக்கு?”

“சரி, எதையாவது விதை போட்டு வளர்க்கலாமில்ல? வளர்ந்த செடியை வாங்கி வச்சுட்டுத் தோட்டம்னு சொல்லிக்கிறதா?”

“அது முளைக்கிற வரைக்கும் யாரு காத்துக்கிட்டிருக்கிறது?”

அவசரத்தைப் பார், என்று நினைத்துக்கொண்டார் மாஸ்டர்.

புதினா, கற்பூரவல்லி, திருநீற்றுப்பச்சிலை, எலுமிச்சைப்புல் என்று நாலு டின்னிலும் நாலு செடி வந்து உட்கார்ந்தது. அன்றைக்குப் பிடித்தது சனியன். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், “இது என்ன இலை?”

மாஸ்டர் இலையைப் பார்த்தே சமாளித்தார். அது தெரிந்ததும் அவள் இலையைக் கைக்குட்டைக்குள் வைத்துக் கசக்கினாள். போதாததற்கு ஒரு துண்டை எடுத்து அவர் கண்ணையும் கட்டினாள்.

மாஸ்டரா கொக்கா! இடது ஓர டின்னிலிருந்து வரிசையாகத்தான் அவள் கிள்ளுவாள் என்று இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார். முதலில் புதினா, அப்புறம் கற்பூரவல்லி என்று மனப்பாடமாக ஒப்பித்தார். அவளும் கேட்டுக்கொண்டாள்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓட்டல் மேனேஜர் போன் செய்தார்.

“மாஸ்டர், திங்கக்கிழமை பெரிய விருந்து. இதுக்கும் நீங்க வரலேன்னா வேற ஆளைப் பார்க்கச் சொல்லிட்டார் முதலாளி.”

மாஸ்டர் போனை வைத்தார். இருபத்திரண்டு வருஷ வேலை. வேறு தொழில் எதுவும் தெரியாது.

அந்த நேரத்திலும் துண்டோடு வந்து நின்றாள் மகராசி. கண்ணைக் கட்டி, கைக்குட்டையை நீட்டினாள்.

“இது என்ன?”

“புதினா” என்றார் எரிச்சலோடு.

“இல்ல. இன்னிக்கு டின்னையெல்லாம் மாத்தி வச்சுட்டேன்.”

மாஸ்டருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “மனுஷன் இருக்கிற இருப்புல உனக்கு விளையாட்டா? நாளைக்கே எல்லா டின்னையும் தூக்கி எறியல, பாரு!”

வெடுக்கென்று கைக்குட்டையைப் பிடுங்கினார். கையில் துணி கிடைத்தால் முகத்தைத் துடைப்பது அடுப்படிப் பழக்கம். நெற்றியைத் துடைத்தார், கன்னத்தைத் துடைத்தார். மூக்குக்கு வந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

மறுபடி மோந்து பார்த்தார். ரொம்ப தூரத்திலிருந்து வருவதுபோல் லேசாகத்தான் தெரிந்தது. ஆனால் தெரிந்தது.

“கற்பூரவல்லி…” என்றார். “கற்பூரவல்லிதானே? சொல்லு!”

அவள் துண்டை அவிழ்த்தாள். அது நனைந்திருந்தது. அவள் கண்ணும்தான்.

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். “உங்கிட்ட ஒண்ணை மறைச்சுட்டேன். காய்ச்சலுக்கப்புறம் எனக்கு வாசனையே…”

“இந்த மாதிரி வாசமுள்ள இலைங்களைத் தினம் ரெண்டு வேளை மோந்து பார்க்கச் சொன்னார் டாக்டர். கொஞ்சம் கொஞ்சமாத்தான் திரும்புமாம்.”

“டாக்டரா? உனக்கு யாரு சொன்னது?”

“காய்ச்சல் விட்ட புதுசுல ஒருநாள் நான் குளிச்சுட்டு வந்து பார்த்தா, பால் தீஞ்சு பாத்திரமே கருகிக் கிடக்கு. அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நீங்க பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தீங்க. மூக்கு மாஸ்டர்கிட்ட போய் அதை எப்படிங்க நான் கேக்கறது?”