மேயர் அங்கி

"மேயர் அங்கி ஒண்ணு தைக்கணும், மாஸ்டர். சிவப்புத் துணி, தங்கக் கரை. கொஞ்சம் அவசரம்" என்றார் நகராட்சித் தலைவர்.

டெய்லர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "நம்ம ஊர் இன்னும் மாநகராட்சியே ஆகலையே, தலைவரே!"

"மேலிடத்துல கையெழுத்து ஆயிடுச்சு. அடுத்த வாரம் அறிவிப்பு வருது. அளவைச் சாயங்காலம் வந்து சொல்றேன்."

தலைவரின் ஸ்கூட்டர் தெருமுனை தாண்டியதும் டெய்லர் சிரித்தார்.

"பார்த்தியா? ஊரே 'மேயர், மேயர்'னு கிண்டல் பண்றது சரிதான். மனுஷனுக்கு ஆசை தலைக்கேறிடுச்சு."

காஜா எடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்தாள். "சும்மா சொல்லாதீங்க. எவ்வளவு அலைஞ்சார்! ஜனத்தொகை இருக்கு, வரி வருமானம் இருக்கு. ஆனா பாதிப் பேருக்கு மேல விவசாயம் இல்லாத தொழில் செய்யணும்னு சட்டமாம். அதுலதானே போன தடவை நம்ம மனு தள்ளுபடி ஆச்சு!"

"அதுக்கு?"

"கணக்கெடுக்க வந்த பொண்ணுகிட்ட, 'வீட்ல சும்மாதான் இருக்கேன்'னேன். கூட வந்த தலைவர்தான், 'அப்போ இந்தக் காஜா எல்லாம் யாரும்மா எடுக்கறது? அதுவும் தொழில்தான், சொல்லு'ன்னார். கல்யாணமான நாள்லேர்ந்து நீங்க கேட்காத கேள்வி!"

டெய்லர் அவசரமாக ஊசியில் நூல் கோத்தார். "எல்லாம் அங்கிக்காக."

"பிரசவ ஆஸ்பத்திரிக்காக! மாநகராட்சின்னா அது இருந்தே ஆகணுமாம். நம்ம பொண்ணு வழியில வேன்லயே பெத்தாளே, மறந்துபோச்சா?"

"மேடையில வேற என்ன சொல்வார்? அங்கி போட்டுக்க ஆசையா இருக்குன்னா சொல்வார்?"

சாயங்காலம் தலைவர் வந்தார். டெய்லர் டேப்பை உருவிக்கொண்டு குறும்பாகக் கிட்டே போனார்.

"கையைத் தூக்குங்க, மேயர் ஐயா! வயித்தை எக்காதீங்க, அப்படியே விடுங்க."

தலைவர் கூச்சத்தில் நெளிந்து பின்வாங்கினார். "அட, என்னை எதுக்கு அளக்கறீங்க?"

"மேயரை அளக்காம எப்படி?"

"மாநகராட்சி ஆன அன்னிக்கே இந்த சபை கலைஞ்சிடும், மாஸ்டர். என் பதவியும் காலி. புதுசா தேர்தல் வரும். இந்தப் புதுச் சட்டப்படி மேயராக டிகிரி வேணும். நான் அஞ்சாங்கிளாஸோட நின்னவன்."

மனைவியின் கை நின்றது. "இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"சட்டத்தை முழுசாப் படிச்சுட்டுத்தானேம்மா மனுப் போட்டேன்!"

டெய்லர் கையில் டேப் தொங்கியது. "அப்போ... அங்கி யாருக்கு?"

"கூட்டத்துக்குக் கூட்டம் என்னை உண்டு இல்லைன்னு பண்றாங்களே எதிர்க்கட்சி டீச்சரம்மா, அவங்கதான் ஜெயிப்பாங்க. நல்ல உயரம், ஒல்லி. நம்ம ஊரோட முதல் மேயர் இரவல் அங்கியில நிக்கலாமா? ஆனா நான் தைக்கச் சொன்னேன்னு தெரிஞ்சா தொடவே மாட்டாங்க. ரெண்டு பேரும் வாயைத் திறந்துடாதீங்க!"