எட்டாவது சதுரம்

பல வருஷமாகச் சதுரங்களை மட்டுமே வரைந்து பெயரெடுத்த ஓவியர், எதிர்வீட்டை உள்ளது உள்ளபடி வரைந்தே தீருவதென்று ஜன்னலோரம் உட்கார்ந்தார். அந்த வீட்டுக்கு ஏழு ஜன்னல்கள். ஏழையும் வரைந்தார். காலையில் பார்த்தால் படத்தில் எட்டு. எட்டாவது வெறும் சாம்பல் சதுரம்.

கத்தியால் சுரண்டி எடுத்தார். மறுநாளும் இருந்தது.

"இருந்துட்டுப் போகட்டும், விடுங்களேன்," என்றாள் மனைவி.

"நானா அதுவான்னு பாத்துடறேன்."

ஏழாம் நாள் ஓவியத் துணியின் இழை தெரியும்வரை சுரண்டினார். அதன்பின் அது வரவில்லை. ஜெயித்த தெம்பில் தெருவைக் கடந்து, எதிர்வீட்டு ஜன்னல்களை நேரிலேயே எண்ணினார். ஏழுதான். திருப்தியாகத் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார். சமையலறை ஜன்னலில் மனைவி நின்றாள். பக்கத்தில், அவர் தினமும் உட்கார்ந்து வரையும் ஜன்னல் இல்லை. வெறும் சுவர்.

அவர் அசரவில்லை. சாம்பல் வண்ணம் கலந்தார், ஏணியைச் சாத்தி ஏறினார், சுவரில் ஜன்னல் அளவுக்கு ஒரு சதுரம் வரையத் தொடங்கினார்.

"மறுபடியும் சதுரமா?" என்று சிரித்தாள் மனைவி.

கடைசி மூலையை நிரப்பும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ கத்தியால் சுரண்ட ஆரம்பித்தார்கள்.