காதளவு முடி

1986 கிறிஸ்மஸ் பார்ட்டிக்குப் பெண்கள் எல்லோரும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நாகரிகப் பெண்களைப் போல வரவேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். கோணேஸ்வரி பழைய உடுப்புக் கடையில் மணிகள் தொங்கும் சட்டை ஒன்று வாங்கினாள். ரெக்ஸ்டேல் அபார்ட்மென்டில் அவளோடு குடியிருந்த மதுரைக்காரி லலிதா அவளுக்கு மெல்லிய புருவம் வரைந்து, உதட்டின் நடுவில் மட்டும் சிவப்பிட்டாள்.

"அந்தக் காலத்துல முடி காதளவுதான். வெட்டிடலாமா?"

"ஐயோ, வேண்டாம். இது நேர்த்தி முடி. தம்பி உயிரோட வந்து சேர்ந்தால் காளி கோயிலில மொட்டை போடுறதெண்டு வச்சிருக்கிறன்."

சண்டை நடக்கும் ஊரிலிருந்து ஆவணியில் புறப்பட்ட தம்பியைப் பற்றி அதன்பிறகு தகவலே இல்லை. லலிதா இடுப்பு வரை தொங்கிய பின்னலை உள்ளே மடித்து ஊசி குத்தினாள்.

பார்ட்டியில் எல்லோரும் முடியைத்தான் புகழ்ந்தார்கள். ஆடும்போது கோணேஸ்வரிக்குத் தலை பாரமே இல்லாமல் இருந்தது. கண்ணாடிக்கு வெளியே பனி மெதுவாக விழுந்துகொண்டிருந்தது.

பொழுது சாய வீட்டுக்கு வந்தாள். லலிதா ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினாள். பின்னல் விழவில்லை. முடி காதோடு முடிந்திருந்தது. தரையில் ஓர் இழைகூட இல்லை.

"சத்தியமா நான் வெட்டலடி," என்றாள் லலிதா.

அப்போது போன் அடித்தது. கோணேஸ்வரி எடுத்தாள்.

"அக்கா," என்றது தம்பியின் குரல். "மொன்றியால் எயர்போர்ட்டில நிக்கிறன்."

வழக்கம்போல் பின்னலை ஒதுக்க அவள் கை பின்கழுத்துக்குப் போனது. விரல்களில் ஈரச் சந்தனம் ஒட்டியது.