கண்ணாடி மூக்கு

ஜமீன்தாரின் கார் மூக்கில் ஒரு கண்ணாடிப் பெண்ணின் தலை இருந்தது. கூந்தல் பின்னால் பறக்க, முகத்தை முன்னே நீட்டியிருப்பாள். அடியில் சின்ன பல்பு. வண்டி வேகமெடுக்க எடுக்க அந்த முகம் ஜொலிக்கும். அந்த ஜொலிப்பைப் பார்க்கும் ஆசையில் விடிகாலையில் தானே வண்டியை விரட்டிய ஜமீன்தார், சாலையோரம் நடந்துபோன மாயழகு என்பவனை அடித்துவிட்டு நிற்காமல் வந்துவிட்டார். டிரைவர் தவசி சாலையில் குனிந்து குனிந்து, உடைந்துபோன கண்ணாடித் தலையின் சில்லுகளைப் பொறுக்கிவந்தான். ஒட்டிப் பார்த்தபோது அந்தப் பெண் முகத்தின் மூக்கு மட்டும் இல்லை.

"ஜில்லாவுலயே இது ஒண்ணுதான்டா. போலீஸ் கையில சிக்கிறக் கூடாது" என்றார் ஜமீன்தார்.

காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு, சாவுக்குத் துஷ்டி கேட்க வந்தவன்போல் தவசி மாயழகின் வீட்டுக்குப் போனான். பிணத்தின் வலது கை இறுக மூடியிருந்தது.

"மூடுன கையோட அனுப்புனா வீட்டுச் சீதேவியும் கூடப் போயிரும்னு சொல்றாக. யாராலயும் விரிக்க முடியலண்ணே, நீங்க பாருங்க" என்றாள் மாயழகின் மனைவி காத்தாயி.

தவசி முதுகால் மறைத்துக்கொண்டு குனிந்தான். விரல்களை ஒவ்வொன்றாக நெம்பினான். உள்ளே மினுங்கியதைத் தன் கைக்குள் வாங்கி, இறுக மூடிக்கொண்டு நிமிர்ந்தான்.

"வெறுங்கைதான் தாயி."

காத்தாயி செத்தவனின் கையைப் பார்க்கவில்லை. தவசியின் விரலிடுக்கிலிருந்து ரத்தம் கோடித் துணியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே," என்றாள், "உங்க கைய விரிங்க."