காலி நாற்காலிக்கு இருபது விநாடி

இந்த நிமிடம் என் மகளின் குரலை உலகமே கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்த உலகத்தில் ஏழு பேர் என் சாப்பாட்டு மேசைமேல் இருக்கிறார்கள்.

ஏழு கைப்பேசிகள். இரண்டு என்னுடையவை. ஒன்று மனைவியுடையது. மீதி நான்கும் காலையில் என்னோடு பூங்காவில் நடப்பவர்கள் கொடுத்தவை. ஞாயிற்றுக்கிழமை மதியம் குறட்டை விடுகிறவர்களுக்குப் போன் எதற்கு?

மகள் கடைசி வருட இதழியல் மாணவி. விடுதி அறையில் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு மைக்கை வைத்துக்கொண்டு, எந்தக் கட்சியையும் எந்த முதலாளியையும் அண்டாமல், அரசியல்வாதிகளைக் கேள்வி கேட்கிறாள். பாட்காஸ்ட் என்கிறார்கள். தொடங்கிய வாரம் கேட்டவர்கள் பத்தொன்பது பேர். அதில் ஏழு நான்.

இப்போது பதினோராயிரம் பேர் கேட்கிறார்கள். பூங்காவில் நான் சொல்லும் கணக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம். முன்னாள் அமைச்சர் ஒருவர் அவள் கேள்விக்கு வியர்த்ததில் மைக் நனைந்து, புது மைக் வாங்க வேண்டியதாயிற்று என்றும் சொல்லி வைத்திருக்கிறேன்.

நனைந்தது கைக்குட்டைதான்.

அவளுக்கு இனி என் ஏழு தேவையே இல்லை. இருந்தாலும் பரப்பி வைக்கிறேன். ஒவ்வொரு போனும் பக்கத்துப் போனைவிட அரை விநாடி பின்தங்கி ஒலிக்கும். அவள் ஒரு முறை சொன்னது எனக்கு ஏழு முறை கேட்கும்.

இரண்டரை வருடமாக அவள் என்னோடு பேசுவதில்லை. ஆகவே கிடைப்பதை ஏழால் பெருக்கிக்கொள்கிறேன்.

அம்மாவைத் தினமும் சாயங்காலம் கூப்பிடுவாள். நான் கதவுக்குப் பின்னால் சாய்ந்து நிற்பேன். அந்தக் கதவு என் முதுகின் அளவுக்குப் பள்ளமே விழுந்துவிட்டது. 'அப்பா எங்கே' என்று ஒரு நாள் வாய் தவறியாவது கேட்டுவிட மாட்டாளா?

இன்றைய விருந்தினர் வரவில்லை. ஆறு கடிதம் போட்டும் பதில் இல்லையாம். ஓய்வுபெற்ற அரசாங்கச் செய்தித் தொடர்பாளர். பதினான்கு அமைச்சர்களுக்கு வாயாக இருந்தவர். பிடிகொடுக்காத ஆள். சரியான கல்லுளிமங்கன்.

அவளா விடுவாள்? காலி நாற்காலிக்கு முன்னால் மைக்கைத் திருப்பி வைத்துவிட்டாள். கேள்வியைக் கேட்பாளாம், இருபது விநாடி காத்திருப்பாளாம். நிகழ்ச்சி நேரலை. தொலைபேசி இணைப்பு திறந்தே இருக்குமாம்.

"சார், ஒரு கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தாங்கன்னு எப்படிக் கணக்குப் போடுவீங்க?"

ஏழு 'சார்' மேசையில் வரிசையாக விழுந்தன.

"தலைக்குப் பதிலா காலை எண்ணிப் பத்தால பெருக்கணும்மா," என்றேன் நான், போன்களைப் பார்த்து.

இருபது விநாடி. அவள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"அமைச்சர் சொல்றது பொய்ன்னு தெரிஞ்சா என்ன செய்வீங்க, சார்?"

"அதுக்குன்னே வழவழன்னு ஒரு தாள் இருக்கும்மா. அதுல அச்சடிச்சுக் கொடுப்போம்."

என் பதிலுக்கு நானே சிரித்தேன். நாற்காலியின் பின்னால் வந்து நின்ற மனைவி சிரிக்கவில்லை.

"மேசைகிட்ட எதுக்குப் பதில் சொல்றீங்க? அவ போட்ட ஆறு கடுதாசியும் உங்க தலகாணிக்கு அடியிலதானே கிடக்கு."

கிடக்கிறது. ஆறும் எனக்கு மனப்பாடம். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி 'இப்படிக்கு நிகழ்ச்சித் தயாரிப்பாளர்' என்று முடியும். ஏழாவதிலாவது வேறு மாதிரி தொடங்க மாட்டாளா என்றுதான் பதில் போடாமல் இருந்தேன்.

"கடைசிக் கேள்வி, சார். ரெண்டரை வருஷத்துக்கு முன்னாடி எங்க காலேஜ் வாசல்ல தடியடி நடந்துச்சு. யாருக்கும் காயம் இல்லன்னு நீங்கதான் அறிக்கை கொடுத்தீங்க. எத்தனை பேருக்கு அடிபட்டுச்சு?"

முப்பத்து நான்கு வருட வேலையில் எல்லா எண்ணையும் கூட்டியே சொன்னவன் நான். ஐந்நூறு பேர் வந்த கூட்டத்தை ஐம்பதாயிரமாக்கி, மேலே நூறு யானைகளையும் நிற்க வைத்திருப்பேன். குறைத்துச் சொன்னது அந்த ஒரே ஒரு எண்.

மேசை அமைதியாக இருந்தது. ஏழு அமைதிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன.

ஏழில் ஒன்றைக் கையில் எடுத்தேன். அதில் அவளை நிறுத்திவிட்டு நிகழ்ச்சியின் எண்ணை அழுத்தினேன். கொஞ்சம் பொறுத்து மீதி ஆறிலும் அவள் அறையில் போன் அடிப்பது கேட்டது.

என் எண் அவளுக்குத் தெரியும்.

"சொல்லுங்க, சார்."

"இருபத்து மூணு பேர்," என்றேன்.

கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"எப்படி உறுதியாச் சொல்றீங்க?" என்றாள். நல்ல நிருபர் அதைத்தான் கேட்க வேண்டும்.

"இருபத்திரெண்டு பேரோட பட்டியல் காலையிலேயே என் மேசைக்கு வந்துடுச்சு. இன்னொருத்தியை நான் ஆஸ்பத்திரியில நேர்ல பார்த்தேன்."

நான் தொடர்ந்தேன்.

"அவளுக்கு இடது மணிக்கட்டு முறிஞ்சிருந்துச்சு. வயசு பதினேழுதான், அதனால ஆபரேஷனுக்கு அப்பா கையெழுத்து வேணும்னாங்க. போட்டேன். அங்கேருந்து நேரா ஆபீசுக்குப் போயி, சட்டைப்பையிலிருந்த அதே பேனாவை எடுத்து, அந்த அறிக்கையிலயும் போட்டேன்."