சுருக்குச் சொல்

"மேடம், உங்க கம்ப்யூட்டர்ல கோடிங் எடிட்டரை நானே செட் பண்ணித் தர்றேன்" என்று மூத்த நிரலாளர் வலியப் போய் நின்றார். குழுவின் தலைமைக்கு, அதாவது அலுவலக வழக்கில் 'லீட்' ஆக, அவரைவிட இளையவள் ஒருத்தி வந்துவிட்டாள். காலியாக இருந்த துணை லீட் பதவியாவது கிடைக்குமா என்பது இனி அவள் வாய்ச்சொல்லில் இருந்தது.

"மேடமெல்லாம் எதுக்குண்ணா? உங்க ஸ்கிரீன் மாதிரியே, கண்ணை உறுத்தாத கலரா இருந்தா போதும்."

"என் கணக்குல லாகின் பண்ணா, நான் பார்த்துப் பார்த்துச் செதுக்கினது அத்தனையும் இங்க வந்து உக்காந்துடும்."

அப்படியே வந்தது. கருநீலத் திரை, பெரிய எழுத்து, தட்டிய சொல்லை நீட்டி நிரப்பும் சுருக்குச் சொற்கள் என்று ஒன்றும் பாக்கியில்லை. கோப்பின் உச்சியில் தன் பொறுப்பைக் குறிக்க அவள் 'லீட்' என்று தட்டி, டேப் விசையை அழுத்தினாள்.

'சிபாரிசில் வந்தவள்' என்று திரை நிரப்பியது.

மதிய இடைவேளையில் நண்பர்களைச் சிரிக்க வைப்பதற்காக அவரே உண்டாக்கிய சுருக்கு அது. அவர் கை அழிப்பு விசைக்குப் பாய்ந்தது.

"அது... சும்மா விளையாட்டுக்கு..."

"அழிக்க வேண்டாம்ண்ணா. 'வந்தவள்'ங்கறதை 'வந்தவர்'னு மாத்திக்குங்க. உங்களுக்கே உதவும்."

"எனக்கா?"

"துணை லீட் பதவிக்கு உங்க பேரை நேத்து நான்தான் சிபாரிசு பண்ணேன். காலையில ஒப்புதல் வந்துடுச்சு."

வாழ்த்துச் சொல்லி அவள் கையை நீட்டினாள். அதைப் பற்ற அவருக்குக் கை எழவில்லை.