உப்பு டப்பா

எகிப்தின் மின்யா ஊர்த் தேவாலயத்தின் பின்னறையில், திருப்பலி அப்பத்தின் மாவில் சிலுவை அச்சை அழுத்தப் போன பிஷாய் அப்படியே நிற்கிறார். பூசை முடிந்து எல்லாரும் சாப்பிடும் மொச்சைக்கான உப்பு டப்பா மேசையில் திறந்து கிடக்கிறது. தினமும் வீட்டு ரொட்டிக்கு உப்புப் போட்டுப் பழகிய கை இன்று இதிலும் போட்டுவிட்டதா? ஆண்டவருக்கான அப்பத்தில் உப்புச் சேரக் கூடாது. ருசி பார்க்கவும் வழியில்லை. நற்கருணை வாங்கப் போகிறவர், நேற்றிரவு முதல் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அடுப்பு சிவந்து காய்கிறது. வேறு மாவு பிசைந்து புளிக்கவைக்க நேரமில்லை. சொல்லிக்கொண்டிருந்த வேதச் சங்கீதத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னலை எட்டிப் பார்க்கிறார். ஜன்னலுக்கு வெளியே, வாசலைக் காவல் காக்கும் போலீஸ்காரர் மஹ்ரூஸ் பூசணி விதை கொறிக்கிறார்.

“மஹ்ரூஸண்ணே, இந்த மாவைக் கொஞ்சம் வாயில போட்டுப் பாருங்க. உப்பு கரிக்குதா?”

“இரு தம்பி, விதையோட உப்பு நாக்குலயே நிக்குது.”

துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, குழாயில் மூன்று முறை வாய் கொப்பளிக்கிறார். பிஸ்மில்லா சொல்லி, கண்ணை மூடி மெதுவாக மெல்கிறார். முதல் மணி அடிக்கிறது. பிஷாய் அச்சை மாவுக்கு மேலே பிடித்தபடி அவர் வாயையே பார்க்கிறார்.

“சப்புனு இருக்கு தம்பி. இதையா உங்க ஆண்டவருக்குக் குடுக்கப் போறே?”

பிஷாய் அழுதுகொண்டே சிரிக்கிறார். அச்சு மாவில் நேராகப் பதிகிறது.